கவுன்ட்டரில் முடிவாகும் அடையாளம்

"பேர் சொல்லுங்க. பிறந்த தேதி?" கிளினிக் கவுன்ட்டரில் இந்த இரண்டுக்கும் பதில் வாங்கி, கணினியில் தட்டி, வரும் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. அன்றைய ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் யாருடைய கோப்பில் போய்ச் சேரும் என்பது அந்த அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. உள்ளே டாக்டர் பார்ப்பது கவுன்ட்டரில் இருப்பவர் திறந்துவிட்ட கோப்பைத்தான்.

ஆனால் மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கான பயிற்சி என்ற பேரில் பெரும்பாலும் நடப்பது பொத்தான் பாடம். "இங்கே அழுத்துங்க, அப்புறம் இங்கே அழுத்துங்க." மென்பொருளின் அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் கற்றதெல்லாம் போச்சு. கணினி ஒருவரை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டால், எந்த மென்பொருளைக் கொடுத்தாலும் எழுத்தர்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

தவறு இரண்டு வகையில் நேரும். ஏற்கெனவே கோப்பு உள்ளவருக்கு இன்னொன்றைத் திறப்பது இரட்டைப் பதிவு. பென்சிலின் ஒவ்வாமை பழைய கோப்பில் கிடக்கும். டாக்டர் முன்னால் இருப்பதோ புதிய வெற்றுக் கோப்பு. இன்னொரு வகை, ஒருவருடைய தகவலை வேறொருவர் கோப்பில் எழுதுவது. இது இன்னும் மோசம். இரட்டைப் பதிவு கண்ணில் பட்டால் இரண்டையும் இணைத்துவிடலாம். கலந்துபோன கோப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியாக எடுத்து "இது யாருடையது?" என்று தேட வேண்டும். அதற்குள் தவறான ரத்த வகை ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் போயிருக்கும். அதனால்தான், நன்றாகத் தேடிய பிறகும் சந்தேகம் தீராவிட்டால் புதுக் கோப்பைத் திறந்து, மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஊகித்து யாரோ ஒருவர் கோப்பில் எழுதவே கூடாது.

சரி, கணினி எப்படித் தேடுகிறது? ஒவ்வொரு மனிதரும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு வாழ்க்கைப் புத்தகத்தை உருவாக்குகிறார், சிதறிக் கிடக்கும் அதன் பக்கங்களைச் சேர்ப்பதே பதிவு இணைப்பு என்று 1946-ல் அமெரிக்கப் புள்ளிவிவர அதிகாரி ஹால்பர்ட் டன் எழுதினார். 1969-ல் ஐவன் ஃபெலகி, ஆலன் சன்டர் என்ற கனடியப் புள்ளியியலாளர்கள் இருவர் அதற்குக் கணிதம் அமைத்தார்கள். பொருத்தம் பார்க்கும் மென்பொருள்களில் பல இன்றும் அந்த வழியில்தான் போகின்றன.

பொருந்தும் ஒவ்வொரு தகவலுக்கும் கணினி ஒரு மதிப்பெண் போடுகிறது. இரண்டு பதிவுகளில் பாலினம் ஒத்துப்போகிறது என்று வையுங்கள். அதில் பெரிய சேதி இல்லை. முன்பின் தெரியாத இருவரை எடுத்தாலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். பிறந்த நாளும் மாதமும் ஒத்துப்போனால்? தற்செயலாக அப்படி நேர ஏறக்குறைய 365-ல் ஒரு வாய்ப்புதான். எனவே அதற்கு அதிக மதிப்பெண். பலருக்கும் இருக்கும் பெயர் பொருந்தினால் கொஞ்சம், அபூர்வமான பெயர் பொருந்தினால் நிறைய. பொருந்தாத இடத்தில் மதிப்பெண் குறையும். தொலைபேசி எண் மாறக்கூடியது, அதனால் அங்கே குறைவது கொஞ்சம்தான். பிறந்த தேதி மாறாது, அங்கே நிறையவே குறையும். எல்லாவற்றையும் கூட்டி மேல் எல்லையைத் தாண்டினால் ஒரே ஆள், கீழ் எல்லைக்குக் கீழே போனால் வேறு ஆள். நடுவில் சிக்கியவற்றை மனிதர்தான் பார்த்துத் தீர்க்க வேண்டும். இந்தத் துறையில் அந்த வேலைக்கு வழங்கும் பெயரே "எழுத்தர் சரிபார்ப்பு". கணக்குப் போட்டவர்களே எழுத்தருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பயிற்சியில் சொன்னால், தங்கள் வேலையின் எடை அவர்களுக்குப் புரியும்.

இந்தக் கணக்கை ஒரு சின்னப் பழக்கம் கெடுத்துவிடும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். 365-ல் ஒன்று என்ற வாய்ப்பு அங்கே பொய்யாகிவிடுகிறது. அந்தத் தேதியில் நூறு பேர் இருந்தால் அது பொருந்துவதற்கு அர்த்தமே இல்லை, ஆனாலும் கணினி முழு மதிப்பெண் போடும். "தோராயம்" என்று குறிக்க வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இரட்டைக் குழந்தைகளும் இப்படித்தான். தேதி, முகவரி, பெற்றோர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் ஒன்று. மென்பொருள் ஒரே ஆள் என்று அடித்துச் சொல்லும். எதிரே நிற்பது இரண்டு குழந்தைகள்.

பெயரின் எழுத்து இன்னொரு தொல்லை. முத்துலட்சுமிக்கும் முத்துலெட்சுமிக்கும் ஒற்றைக் கொம்புதான் வித்தியாசம். எத்தனை எழுத்தைச் சேர்த்து, நீக்கி, மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணும் முறையை சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் கொடுத்தார். அந்த வசதி எல்லா மென்பொருளிலும் இருக்காது. முழுப் பெயரையும் அடித்துத் தேடுவதைவிட, முதல் சில எழுத்துகளோடு பிறந்த தேதியைச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

நோயாளி எண்ணைத் தட்டும்போது விரல் பிசகினால்? பல அமைப்புகளில் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் காப்புரிமை பெற்ற முறை இது. 7261 என்ற எண்ணில் வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள்: 1 என்பது 2 ஆகும், 6 அப்படியே, 2 என்பது 4, 7 அப்படியே. கூட்டினால் 19. கூட்டல் பத்தின் மடங்காக இருக்க வேண்டும். இருபதை எட்ட 1 வேண்டும், அதைக் கடைசியில் சேர்த்தால் எண் 72611. யாராவது 76211 என்று தட்டினால் கூட்டல் 15-ல் நிற்கும் (6-ஐ இரட்டித்த 12-ல் 1-ஐயும் 2-ஐயும் கூட்டி 3 என எடுக்க வேண்டும்), பத்தின் மடங்கு இல்லை, கணினி மறுத்துவிடும். ஓர் இலக்கம் தப்பினால் எப்போதும் பிடிக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவருடைய எண்ணைச் சரியாகத் தட்டினால் இந்தக் காவலாளி வாயே திறக்காது.

அதனால் எண்ணோ பெயரோ ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்கச் சொல்வதும் ஒன்று. கேட்கும் விதமும் முக்கியம். "நீங்க முத்துலட்சுமிதானே?" என்று கேட்டால், காய்ச்சலில் அசந்து உட்கார்ந்திருப்பவரும், காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க" என்றால் பதில் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது, எந்தத் தகவல் எந்தப் பெட்டியில் என்பது. "பென்சிலின் ஒத்துக்காது" என்று குறிப்புப் பெட்டியில் எழுதினால் மனிதர் படிக்கலாம், மருந்து எச்சரிக்கை எழாது. எச்சரிக்கை பார்ப்பது ஒவ்வாமைக்கான பெட்டியை மட்டும். அந்தப் பெட்டி காலியாக இருப்பதற்கு "யாரும் கேட்கவில்லை" என்று பொருள். "ஒவ்வாமை இல்லை" என்று பதிந்திருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டதாகப் பொருள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் வெற்றுப் பெட்டியைச் சும்மா கடந்து போக மாட்டார்.

ஸ்கேன் செய்யும் ரிப்போர்ட்டில் பரிசோதனை நடந்த தேதியைப் போட வேண்டும், ஸ்கேன் செய்த தேதியை அல்ல. பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது. யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்று கணினி வைக்கும் தடம் அதனால் பொய்யாகிவிடும்.

இவற்றை உண்மையான நோயாளிகளின் கோப்புகளில் பழகக் கூடாது. கற்பனை நோயாளிகளைக் கொண்ட தனிப் பயிற்சித் தளம் வேண்டும். அதில் இரட்டையர் ஒரு ஜோடி, கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண், இன்னும் பெயர் வைக்காத கைக்குழந்தை, ஜனவரி 1-ல் பிறந்ததாகப் பதிவான நாலு பெரியவர்கள் எல்லாரும் இருக்கட்டும். ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் கோப்பைத் திறக்கட்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து தடத்தைத் திறந்து பார்த்து, கலந்துபோன ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அன்று கேட்காமல் விட்ட கேள்வியை எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது சுற்றை அந்தக் கேள்விகளோடு தொடங்கலாம்.