பார்கோடு: தமிழில் பட்டைக்குறி

'பார்கோடு' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் 'கோடு' தமிழ்க் கோடு அன்று. கருங்கோடுகள் நெருக்கமாக நிற்கும் அடையாளத்துக்கு அந்த ஒலி இயல்பாகப் பொருந்திவிடுவதால் பொருளும் அதுவே என்று மயங்க இடமுண்டு. ஆங்கிலத்தில் கோட்டைக் குறிப்பது முன்னுள்ள 'பார்'. குறுக்குச் சட்டத்தையும் தடுப்பையும் சுட்டிய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பின்பகுதியோ இலத்தீனில் அடிமரத்தைக் குறித்த 'கோடெக்ஸ்' என்பதில் தொடங்கி, எழுதும் மரப்பலகை, ஏடு, சட்டத்தொகுப்பு எனப் பொருள் விரிந்து, செய்தியை அடையாளங்களாக மாற்றும் முறைக்கும் பெயராயிற்று.

தந்தியில் எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் முறையின் புள்ளிகளையும் கீற்றுகளையும் கடற்கரை மணலில் விரலால் கீழே இழுத்துப் பார்த்தபோது நார்மன் ஜோசப் உட்லண்டுக்குப் பார்கோடு பற்றிய எண்ணம் பிறந்தது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1949இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952இல் கிடைத்தது. ஆயினும் இன்று பொருள்களின்மேல் காணும் வடிவம் கடையில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஓஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொதியின்மேல்தான்.

அந்த 12 இலக்க வடிவத்தில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு சம அலகுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இடப்பாதியில் சுழியம் என்றால் மூன்று அலகு வெண்மை, இரண்டு அலகு கருமை, பின்னர் ஓர் அலகு வெண்மை, ஓர் அலகு கருமை. வலப்பாதியில் கருமையும் வெண்மையும் இடம் மாறிவிடும். எது எந்தப் பாதி என்பது இந்த வேறுபாட்டால் தெரிந்துவிடுவதால்தான் பொதியைத் தலைகீழாகக் காட்டினாலும் கருவி சரியாகப் படிக்கிறது. கடைசி இலக்கம், படித்தது பிழையற்றதா என்று சரிபார்ப்பதற்கு உரியது.

ஆகவே அகலமே இங்குப் பொருள் தருகிறது. அகலத்தைக் கருதாத 'கோடு' என்பதைவிட அகலமுடைய கீற்றைக் குறிக்கும் 'பட்டை' பொருத்தமானது என்பது என் துணிபு. 'பட்டைக் குறியீடு' என்பதும் வழக்கில் உண்டு, பிழையும் இல்லை. ஆனால் குறியீடு என்பதை எண்ணை மாற்றி எழுதும் முறைக்கு வைத்துக்கொண்டு, பொதியின்மேல் அச்சாகியிருக்கும் அடையாளத்தைப் 'பட்டைக்குறி' என்பதே தெளிவு. அதைப் படிக்கும் கருவிக்கு 'வருடி' என்னும் பெயர் மிக அழகாக அமைந்துள்ளது: ஒளி பட்டைகளின்மேல் மெல்லத் தடவிச் செல்வதையே அது சொல்கிறது.

1994இல் ஜப்பானில் உருவான கியூஆர் குறியைப் பட்டைக்குறி என்றழைப்பது பொருந்தாது. அதில் பட்டைகள் இல்லை. சிறு சதுரங்களே நெடுக்கிலும் குறுக்கிலும் செய்தியைத் தாங்குகின்றன. அதற்குக் 'கட்டக்குறி' என்பதே ஏற்றது.