குறிப்பில் அழித்த பாஸ்வேர்டு எங்கே போகிறது?

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலைக் குறிப்புகள் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள்தான். ஆபீஸ் கணினியிலும் வீட்டு லேப்டாப்பிலும் அவை ஒன்றுபோல இருக்கட்டுமே என்று ‘என்பி’ (nb) என்ற, கட்டளை தட்டி இயக்கும் டெர்மினல் குறிப்புக் கருவியைச் சோதித்துப் பார்த்தேன். பாஷ் என்ற ஷெல் மொழியில் எழுதிய ஒரே ஸ்கிரிப்ட். அடியில் ஓடுவது கிட் (Git), ஃபைலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்துக்கொள்ளும் மென்பொருள். குறிப்பைச் சேமித்தால் தானே கமிட் ஆகும், அதாவது அந்த வரலாற்றில் பதிவாகும். ரிமோட், அதாவது வேறு சர்வரில் இருக்கும் பொது நகலின் முகவரியைக் கொடுத்துவிட்டால், தானே அங்கே புஷ்ஷும் (அனுப்புதலும்) ஆகிவிடும்.

அந்தத் ‘தானே’தான் எனக்கு உறுத்தியது. ஒரு குறிப்பில் பொய்யாக ஒரு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எழுதிச் சேமித்தேன். அடுத்த நிமிடமே அந்த வரியை அழித்தேன். ஃபைலைத் திறந்தால் ஒன்றுமில்லை. மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் ‘கிட் லாக் -பி’ கொடுத்தேன். அழித்த வரி, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு சிவப்பில் பளிச்சென்று நிற்கிறது. குறிப்பையே டெலீட் செய்தேன், அப்போதும் நிற்கிறது. ரிமோட்டிலும்தான்.

கருவியைக் குறை சொல்ல முடியாது, எதையும் மறக்காமல் இருப்பதுதான் கிட்டின் வேலை. நாம்தான் நோட்பேட் பழக்கத்தில் அழித்தால் போச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். நிஜப் பாஸ்வேர்டு இப்படிப் போய்விட்டால் முதலில் அதை மாற்றுங்கள். ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியை வைத்து வரலாற்றைத் திருத்துவதெல்லாம் அப்புறம். ஏற்கெனவே க்ளோன் செய்த நகலை அது தொடாது.

ஒரே இடத்தை இரண்டு கணினியில் வேறுவேறாகத் திருத்தினால் வரும் மோதலையும் வரவழைத்துப் பார்த்தேன். நெட்டைத் துண்டித்துவிட்டு, இரண்டு கணினியிலும் ஒரே குறிப்பைத் திருத்தினேன். கிட் வரிவரியாகத்தான் ஒப்பிடும். நானோ பத்தி முழுவதையும் என்டர் தட்டாமல் எழுதுகிற ஆள், கிட்டுக்கு அது ஒரே வரி. ஒரு கணினியில் பத்தியின் தொடக்கத்தில் ஒரு சொல், மற்றதில் முடிவில் ஒரு சொல், அதற்கே மோதிக்கொண்டது. என்பி இரண்டு வடிவத்தையும் அதே ஃபைலில் கிட்டின் மோதல் குறிகளுக்கு நடுவே வைத்துவிட்டது. எதுவும் தொலையவில்லை. இப்போது வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுகிறேன்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல் ‘கிட் ஸ்டேட்டஸ்’ காட்டும் மாறிய ஃபைல்களின் பட்டியலில் \340\256\225 என்று வந்தால் பதறாதீர்கள், அது ‘க’தான். கிட் அமைப்புகளில் கோர்.கோட்பாத் (core.quotePath) என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகிவிடும்.

கருவியை வைத்துக்கொண்டேன், தானே புஷ் செய்யும் ஆட்டோ சிங்க்கை மட்டும் அணைத்துவிட்டேன். மாலையில் கிளம்பும் முன் அன்றைய கமிட்களில் ஒரு கண் ஓட்டிவிட்டு நானே ‘என்பி சிங்க்’ கொடுக்கிறேன். புஷ் ஆகாத கமிட்டைத் திருத்துவது இன்னும் நம் கையில் இருக்கிறதே. பாஸ்வேர்டுகள் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டகத்துக்குக் குடிபோய்விட்டன.