டெமிகாட் என்றால் சிறுதெய்வமா?

பெர்சி ஜாக்சன் வரிசை போல, கிரேக்கப் புராணங்களை இளையோருக்குத் திருப்பிச் சொல்லும் நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், தெய்வத்துக்கும் மனிதருக்கும் பிறந்தவரைக் குறிக்கும் 'டெமிகாட்' வந்தாலே 'சிறுதெய்வம்' என்று போட்டுவிடுகிறார்கள். தவறு.

மூலம் கிரேக்கத்தின் 'ஹெமிதியோஸ்': ஹெமி பாதி, தியோஸ் தெய்வம். தீப்ஸ், ட்ராய் நகரங்களில் போரிட்ட வீரர்களைப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் அப்படித்தான் அழைக்கிறார். லத்தீனில் அது 'செமிடியுஸ்' ஆனது. ரோமானியக் கவிஞர் ஓவிட் அந்தச் சொல்லை வனதேவதைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஆங்கிலத்திலும் 'தரம் குறைந்த தெய்வம்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. நம்மவர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

'சிறு' தரத்தைச் சொல்கிறது, 'ஹெமி' பிறப்பைச் சொல்கிறது. "சென்று நாம் சிறுதெய்வம் சேர்வோம் அல்லோம்" என்று அப்பர் பாடியபோதே சிறுதெய்வம் என்பது வணங்கப்படும் தெய்வம்தான், சிவனுக்குக் கீழே வைக்கப்பட்டது, அவ்வளவே. ஹெமிதியோஸோ சாகப் பிறந்தவன். தெய்வங்களின் அரசன் ஸியூஸின் மகன் சார்ப்பிடான் ட்ராயில் பட்ரோக்ளஸ் என்ற கிரேக்க வீரன் கையால் சாகிறான். காப்பாற்ற நினைத்த ஸியூஸே கடைசியில் விட்டுவிடுகிறார். செத்த வீரர்களுக்குக் கிரேக்கர்கள் கல்லறையில் பலியிட்டார்களே, நம் மதுரைவீரன் போலத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வழிபாடு இறந்த பிறகு வருவது. பெர்சி ஜாக்சன் வரிசையில் 2005இல் வந்த முதல் நாவலில் பெர்சி 12 வயதுப் பையன், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறவன். அப்பா கடல் தெய்வம் போசைடன், அம்மா நியூயார்க்கில் மிட்டாய்க் கடையில் வேலை பார்க்கும் பெண். அவனுக்கு யார் படையல் போடுகிறார்கள்?

'அரைக்கடவுள்' பொருளில் சரி, ஆனால் காதில் அரைவேக்காடு மாதிரி விழுகிறது. 'தேவகுமாரன்' கிறிஸ்தவ வழக்கில் இயேசுவைக் குறிக்கும் சொல். நான் 'தெய்வப்பிள்ளை' என்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும், 'தெய்வப்பிள்ளைகள்' என்று பன்மையிலும் இயல்பாக வரும். மனிதப் பாதி அதில் தெரியவில்லையே என்றால், பிள்ளை என்றதுமே யாருக்குப் பிறந்தது என்ற கேள்வி வந்துவிடுகிறது. குந்தி வயிற்றில் வாயுவுக்குப் பிறந்த பீமனைச் சிறுதெய்வம் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை.

இதே நாவல்களில் டெமிகாட்டுக்கு இன்னொரு பெயராக வரும் 'ஹாஃப் பிளட்' (பாதி ரத்தம்) இன்னும் மோசமாக அடிபடுகிறது. அதைக் 'கலப்பினம்' என்று எழுதுகிறார்கள். கலப்பினம் என்பது கறவை மாட்டுக்கும் விதை நெல்லுக்கும் சொல்வது. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைக்கும் அவசரம்தான் காரணம். அந்தப் பிள்ளைகளைக் குறிக்க அங்கேயும் தெய்வப்பிள்ளை என்றே எழுதலாம்.