நான்கு மாத வேலையை மறைக்காதீர்கள்

அண்மையில், எல்லாச் சுற்று நேர்காணல்களிலும் தேர்வாகி, ஆஃபர் லெட்டரும் பெற்று, இருந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்ட ஒருவருக்குப் பணி வாய்ப்பை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு வேலைகளுக்கு நடுவே இன்னொரு நிறுவனத்தில் நான்கு மாதம் மனக்கசப்போடு பணியாற்றியதை அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளி தெரியாமலிருக்க, முந்தைய வேலையின் கடைசித் தேதியையும் நான்கு மாதம் தள்ளி எழுதியிருந்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் எங்கள் தேர்வுக் குழுவில் ஒருவர்கூட அதைக் குறையாக எண்ணியிருக்க மாட்டார்கள். மனிதவளப் பணியில் இதே நிகழ்வைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

"ரெஸ்யூமில் போடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று நண்பர்கள் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) உறுப்பினருக்குத் தரப்படும், 2014 முதல் நடைமுறையில் உள்ள யு.ஏ.என். என்னும் 12 இலக்க எண் உங்களுக்கு உரியது, நிறுவனத்துக்கு உரியதன்று. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் அந்த நிறுவனத்தின் பி.எஃப். கணக்கு அதே எண்ணின் கீழ்தான் வந்து சேரும்; எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது பணி வரலாற்றில் வரிசையாக நிற்கும். விண்ணப்பதாரரின் பின்னணியைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பதே அந்தப் பக்கத்தைத்தான். யு.ஏ.என். இல்லை என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆதாரோடு இணைக்கப்பட்டிருப்பதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பி.எஃப். பிடிக்காத நிறுவனமாகவே இருந்தாலும், சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், வருமான வரித் துறையின் வரிப் பிடித்த விவர அறிக்கையான படிவம் 26ஏஎஸ்-இல் அதன் பெயர் இருக்கும். வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவும் இருக்கும்.

மறைப்பதால் இன்னொரு தீங்கும் உண்டு. கசப்போடு விலகிய இடத்தில் பல நேரங்களில் பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். அப்போது அடுத்த வேலையில் சேர்ந்த பிறகும் நீங்கள் அங்கேயும் பணியாற்றுவதாகப் பதிவு காட்டும்; ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தவர் என்ற சந்தேகம் எழும். 2020 முதல், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, உறுப்பினரே பி.எஃப். இணையதளத்தில் அந்தத் தேதியைப் பதிவு செய்ய முடிகிறது. விண்ணப்பிக்கும் முன்பே அதைச் செய்து முடியுங்கள்.

ரெஸ்யூம் வேறு, விண்ணப்பப் படிவம் வேறு. இரண்டு வாரம் மட்டுமே இருந்த ஓர் இடத்தை ரெஸ்யூமில் எழுதாமல் விடுவதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "இதுவரை பணியாற்றிய எல்லா நிறுவனங்களையும் குறிப்பிடுக" என்று கேட்டு, எல்லாம் உண்மை என்ற உறுதிமொழிக்குக் கீழே கையொப்பம் வாங்கும் படிவத்தில் ஒன்றைக்கூட விடக் கூடாது. எந்தத் தாளிலும் தேதியைத் திருத்தவே கூடாது. வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆன பிறகு தெரியவந்தாலும், அந்தக் கையொப்பத்தைக் காட்டியே வெளியேற்ற முடியும்.

நேர்காணலில் என்ன சொல்வது என்று அஞ்ச வேண்டியதில்லை. "மென்பொருள் சோதனைப் பணிக்கென்று சேர்ந்தேன்; ஆனால் இரவு நேரத்தில் வாடிக்கையாளர் அழைப்புகளை ஏற்கும் பணிதான் தரப்பட்டது. மேலாளரிடம் இருமுறை பேசியும் மாறாததால், நோட்டீஸ் கொடுத்து விலகினேன்." இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய மேலாளரின் குணத்தைப் பத்து நிமிடம் விவரிப்பவரைக் கண்டால்தான் எங்களுக்குத் தயக்கம் வரும். பிரச்சினையைச் சரிசெய்ய முயன்றாரா, முறையாக விலகினாரா என்ற இரண்டையும்தான் நாங்கள் கவனிக்கிறோம். தகுதிகாண் காலத்தில் பணி நிறைவாக இல்லை என்று அவர்களே விலக்கியிருந்தால், அதையும் அப்படியே சொல்லலாம். துன்புறுத்தல் காரணமாக விலகியவர்கள் நடந்ததை விவரிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். பணிச்சூழல் பாதுகாப்பாக இல்லை என்ற ஒரு வரி போதும், அதற்கு மேல் துருவிக் கேட்பது கேட்பவரின் தவறு.

ரிலீவிங் லெட்டர் கிடைக்காவிட்டால் ராஜினாமா மின்னஞ்சல், அதற்கு வந்த பதில், சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படும் முன்பே ராஜினாமாக் கடிதத்தின் நகலைச் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுக்காமல் வந்துவிட்டவர்களும் அதை முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிடுவது நல்லது. பழைய நிறுவனத்தின் வாயிலாக அது எங்களுக்கு வரும்போது உங்கள் விளக்கத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஏற்கெனவே மறைத்துப் படிவம் கொடுத்துவிட்டு, இதைப் படித்துக் கலங்குகிறவர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சரிபார்ப்பு அறிக்கை வரும் வரை காத்திருக்காதீர்கள். விடுபட்ட நிறுவனத்தின் பெயர், சரியான தேதிகள், விலகிய காரணம் ஆகியவற்றைச் சில வரிகளில் எழுதி, திருத்திய படிவத்தை இணைத்து, உங்களைத் தேர்வு செய்த மனிதவள அலுவலருக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.