வாடகை பற்றியும் எங்களிடம் பேசுங்கள்

சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு என்ன செலவாகும், முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று கேட்காத குடும்பம் கிடையாது. வீட்டு வாடகை பற்றி யாரும் தாமாக வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரியில் போய் அதையெல்லாமா சொல்வது என்ற கூச்சம். நாங்கள்தான், "வாடகை எப்படிம்மா கொடுக்குறீங்க?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. "மூணு மாசமா கொடுக்கலை மேடம். அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லியிருக்கோம்" என்று பதில் வரும்போது நிலைமை பெரும்பாலும் கைமீறியிருக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2022 முதல் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இந்தத் திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றுவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் படுத்தவரின் சம்பளத்தை அது தராது. அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவரின் சம்பளத்தையும் தராது. ஒரே நாளில் இரண்டு வருமானம் நின்றுபோகும் வீட்டில் முதலில் தள்ளிப்போவது வாடகைதான், மருந்தையும் அரிசியையும் தள்ளிப்போட முடியாதே.

பக்கவாதம் வந்த ஒருவரின் மனைவி கட்டைப்பையில் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டு எடுத்து வந்திருந்தார். பழைய சம்பள ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். பையைக் கவிழ்த்துத் தேடியதில் நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. தொழிற்பேட்டை கம்பெனி ஒன்றில் சம்பளம் 16,000. பிடித்தம் என்ற கட்டத்தில் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, 120 ரூபாய். அது மாத்திரை வாங்குவதற்கான பிடித்தம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உரிய ஈ.எஸ்.ஐ.யில், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமாகவே உதவி உண்டு. தேவையான நாட்களுக்குச் சந்தா பிடிக்கப்பட்டிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. புற்றுநோய், காசநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு அதற்கு மேலும், 80 சதவீதம் வீதம், இரண்டு வருடம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலை இருந்திருக்க வேண்டும். இந்த உதவி வாங்கும் காலத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவச் சான்றோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நோயாளியே ஈ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால்தான் இந்தப் பணம். மனைவிக்கோ பிள்ளைக்கோ நோய் என்றால் சிகிச்சை மட்டும்தான். பி.எஃப். இருந்தால் குடும்பத்தார் நோய்க்கும் முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம்.

அடுத்தது ஹவுஸ் ஓனர். அவரைப் பார்த்தால் கேட்பாரே என்று இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல ஓனர்கள் அந்த வாடகையில்தான் சாப்பிடுகிறார்கள். முதல் மாதமே போய், இதுதான் நோய், இத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது, இப்போதைக்குப் பாதி தருகிறோம் என்று சொன்னால் பலர் இறங்கி வருகிறார்கள். மூன்றாவது மாதம் அவரே வந்து கதவைத் தட்டும்போது அந்த மனசு இருப்பதில்லை. அட்வான்ஸில் கழிப்பதாகப் பேசினால், எத்தனை மாதம், மீதி எவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் தீர்ந்தபின் வரும் சண்டைகள் பெரும்பாலும் வாய்க்கணக்கால் வருபவை.

பேச்சு முறிந்தால் சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தால் ஓனர் நோட்டீஸ் கொடுத்துக் கேட்கலாம். நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காகக் காலி செய்ய வைக்க முடியாது. அடுத்த ஒரு வருடத்துக்குள் மறுபடியும் இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் அந்தச் சலுகை கிடையாது. பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும், எனவே அதையும் தேடி எடுத்து வையுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு.

ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டு வேலை செய்கிறவர், கொத்தனார் வீடுகளில் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை. நின்றுபோன கூலியை ஈடுகட்ட அவர்களுக்கு இன்றைக்கு உருப்படியான திட்டம் எதுவும் இல்லை என்பது எனக்குப் பெரிய வேதனை. கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு வாங்கி வாடகை கட்டுவதை மட்டும் எப்படியாவது தவிருங்கள். ஆறு மாதத்தில் பாக்கியும் இருக்கும், வட்டிக்காரரும் வாசலில் இருப்பார். சிகிச்சை நீளும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அட்வான்ஸ் கையில் இருக்கும்போதே சின்ன வீட்டுக்கு மாறுவது நல்லது.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. டயாலிசிஸ் எடுப்பவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டும். வாடகை குறைவென்று கூடுவாஞ்சேரி பக்கம் போய்விட்டு, அங்கிருந்து சென்ட்ரல் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை வந்துபோனால் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கே சரியாகிவிடும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் டயாலிசிஸ் இருக்கிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கே இடம் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம்.