பல் கடிக்கும் பிள்ளையின் மூச்சைக் கேளுங்கள்

"டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறான். பூச்சி மருந்து கொடுத்தாச்சு, நிக்கல." ரங்கூனில் என்னிடம் வரும் தமிழ் வீட்டுப் பெண்கள் பலரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பூச்சி மருந்து தேவைதான், கொடுங்கள். ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த மூன்றாவது வாரம், ஐந்து வயதுப் பேரனை அவன் அப்பத்தா அழைத்துவந்தார். கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து இன்னும் காயவில்லை. தாடையில் விரல் வைத்துப் பல்லை இறுக்கச் சொன்னேன். காதுக்குக் கீழே தசை கோலிக்குண்டு போலத் திரண்டது. என் கையுறையெல்லாம் மஞ்சள். வாயைத் திறந்தால், கோரைப்பற்களின் கூர் மழுங்கிவிட்டது. கடைவாய்ப் பல்லில் எனாமல் தேய்ந்து உள்நிறம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. பால்பல்லின் எனாமல் மெல்லியது, சீக்கிரம் தேயும்.

பல்லைவிட அவன் முகம்தான் எனக்குக் கவலை தந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயால் மூச்சு. காலையில் தலைவலி என்கிறானா என்று கேட்டேன். "ஆமாம்மா, எழுந்ததும் எரிஞ்சு விழுறான். காலைல மொஹிங்கா நூடுல்ஸைக்கூடத் தொடுறதில்ல." குறட்டை? "அவங்க தாத்தா மாதிரியே" என்று அப்பத்தா பெருமையாகச் சொன்னார்.

சின்னப் பிள்ளை தினமும் குறட்டை விடுவது சாதாரணமில்லை. டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டோ வீங்கி மூச்சுவழி குறுகினால், தூக்கம் அடிக்கடி அரைகுறையாகக் கலையும். பெரும்பாலும் அப்படித் தூக்கம் கலையும் வேளையில்தான் பல் நறநறக்கும். அதனால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன்.

மனப் பதற்றமும் ஒரு காரணம். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளை, திடீரென்று நாள் முழுக்க பர்மிய மொழி வகுப்பில் உட்காருகிறது. ஒன்றுக்குப் போகணும் என்று சயாமாவிடம், அதாவது டீச்சரம்மாவிடம், கேட்கக்கூடத் தெரியாது. அந்த நாலு வார்த்தையை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பித் திட்டாதீர்கள். அது தெரிந்து செய்வதில்லை.

சாயங்காலம் தேத்தண்ணி வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபோனை வாங்கி வைத்துவிடுங்கள். ராத்திரி பல்லுக்கு மாட்டும் உறை போடச் சொல்லிக் கேட்பார்கள். தாடை வளரும் வயதில் நாங்கள் பொதுவாகப் போடுவதில்லை. நிறையப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து முடிவதற்குள் இந்தப் பழக்கம் தானாகவே நின்றுவிடும். ஆனால் பல் உடைந்தாலோ, தாடை வலித்தாலோ, குறட்டை இருந்தாலோ காத்திருக்காமல் வாருங்கள். வரும்போது, பிள்ளை தூங்குகையில் ஃபோனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து கொண்டுவாருங்கள். பல் சத்தத்துக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்று நான் கேட்க வேண்டும்.