இத்தாலிக் கிராமத்தில் வீடு எடுக்கும் முன் வாசலுக்கு வரும் வழியைக் கேளுங்கள்

டஸ்கனியில் பியென்சா பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு. படத்தில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவே வெள்ளைப் பாதை ஒன்று வளைந்து மேடேறுகிறது. அந்தப் படத்தைப் பார்த்தே ஒரு குடும்பம் அக்டோபரில் எட்டு நாளுக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தது. "வீடு முடிஞ்சிடுச்சு, மத்ததை மட்டும் நீங்க பாருங்க" என்றார்கள். எழுபதைத் தாண்டிய பெற்றோர், இரண்டு பிள்ளைகள். பயணத் திட்டமிடும் தொழிலுக்கு நான் அப்போது புதிது. வழியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

அந்த வெள்ளைப் பாதைதான் வீட்டுக்குப் போகும் ஒரே வழி. நான்கு கிலோமீட்டர் சரளைக்கல் சாலை. இத்தாலியர்கள் இதை 'ஸ்ட்ராதா பியாங்கா', அதாவது வெள்ளைச் சாலை என்பார்கள். தெருவிளக்கு கிடையாது. மழை பெய்தால் ஓரங்கள் அரித்துப் போயிருக்கும். முதல் நாள் இரவு அதில் ஏறிய பயத்தில், மீதி நாட்கள் முழுவதும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டார்கள். ஒரு ஊரிலும் இரவு உணவுக்கு உட்காரவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து மளிகைக்கடை ஒன்பது கிலோமீட்டரில், அன்று பூட்டு. கையில் கொண்டுபோன அவல்தான் அன்றிரவுச் சாப்பாடு.

அதிலிருந்து யார் வீட்டுப் படத்தை அனுப்பினாலும் நான் முதலில் கேட்பது கடைசி மூன்று கிலோமீட்டரைப் பற்றித்தான். தார்ச்சாலையா, சரளையா? எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா? இந்திய உரிமத்துடன் அங்கே கார் ஓட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்பது தெரிவதில்லை. இடதுபக்கம் ஓட்டிப் பழகிய நாம், வலதுபக்கச் சாலையில், வலது கையால் கியர் மாற்றியபடி மலை வளைவில் ஏற வேண்டியிருக்கும். முதல் நாளே சரளைச் சாலையும் சேர்ந்தால் தாங்காது.

மேப்பில் தெரியும் தூரத்தையும் நம்பிவிடக் கூடாது. சியெனாவிலிருந்து பியென்சா ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் ஊர் நெடுஞ்சாலைக் கணக்கில் முக்கால் மணி நேரம். குன்றுகளைச் சுற்றிப் போகும் அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பியென்சா இருக்கும் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, வழியெல்லாம் நின்று பார்க்கத் தோன்றும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாள் ஃப்ளாரன்ஸ், மறுநாள் ரோம் என்று திட்டம் போடுகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். பாதி விடுமுறை காருக்குள்ளேயே போய்விடும்.

என் தேர்வு எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள சிறிய ஊர். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு ரொட்டிக்கடை, 'அலிமென்தாரி' என்னும் மளிகைக்கடை, ஒரு மருந்துக்கடை, காலையில் உள்ளூர்க்காரர்கள் நின்றபடி காபி குடிக்கும் ஒரு 'பார்' இருக்க வேண்டும். அங்கே பார் என்றால் நம் டீக்கடை மாதிரி. மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை எடுத்து வைப்பார். நாட்டுப்புற இத்தாலியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மதியம் ஒரு மணிக்குமேல் கடைகள் மூன்று மணி நேரம்போல மூடிவிடும். அதற்கேற்பக் காலையிலேயே காய்கறி வாங்கிவிடுங்கள்.

கார் ஓட்டத் தயங்குகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது உம்பிரியாவிலுள்ள ஸ்பெல்லோ. பழைய ஊரைச் சுற்றிய மதிலுக்குக் கீழேயே ரயில் நிலையம். ரோமிலிருந்து ஃபோலிஞோ வழியாக ரயிலிலேயே வந்துவிடலாம். அசீசி ரயிலில் பத்து நிமிடம்போல. பெவான்யா, மோன்தேஃபால்கோ இரண்டும் டாக்ஸி எடுத்தாலும் கட்டுப்படியாகும் தூரம். கோர்புஸ் தோமினி என்னும் கத்தோலிக்கத் திருநாளில் தெருக்கள் முழுக்கப் பூவிதழ்களால் கோலம் போடுகிற ஊர் இது. அந்த வாரம் வீடு கிடைப்பது கடினம். ஆனால் ஊர் முழுக்க ஏற்றம், வீடுகளுக்குள்ளும் குறுகலான படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் எத்தனை படி, படுக்கையறை எந்த மாடி என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

மதிலுக்குள் வீடு என்றால் இன்னொரு சங்கதி. பழைய ஊர்களின் மையப்பகுதி பல இடங்களில் 'ஸெட் டி எல்' என்னும் வாகனக் கட்டுப்பாட்டு எல்லை. நுழைவாயிலில் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிடும். அபராதம் பல மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், கார் நிறுவனம் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். காரை எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மின்சாரம். இத்தாலிய வீடுகளில் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட்தான். நம்மவர்கள் இண்டக்ஷன் அடுப்பில் சாம்பார் வைத்துக்கொண்டே வாஷிங் மெஷினையும் ஏசியையும் ஓடவிட்டால் மொத்தமும் ட்ரிப் ஆகிவிடும். மறுபடி சுவிட்சைப் போட வேண்டிய மீட்டர் சில வீடுகளில் வெளியே, கேட் அருகில் இருக்கும். அது எங்கே என்று சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் போனால் ஹீட்டிங் செலவு வாடகையில் அடக்கமா என்று கேளுங்கள். தடித்த கல்சுவர் வீடு சூடாக நேரமாகும், பல இடங்களில் மீட்டர் பார்த்துத் தனியாக வசூலிப்பார்கள்.

பணம் கட்டும் முன் ஒரு எண்ணைத் தேடுங்கள். 2025 ஜனவரி 1 முதல் குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் 'சின்' (CIN) என்னும் தேசிய அடையாள எண் கட்டாயம். 'ஐடி' (IT) என்று தொடங்கும் அந்த எண் விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளியிலும் இருக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டியிருப்பதால், பதிவில்லாத வீட்டை நம்பி விண்ணப்பிக்க நான் யாரையும் விடுவதில்லை. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. பயப்பட வேண்டாம்.

இப்போது வீட்டுக்காரர்களுக்கு நான் எழுதும் கடிதத்தில் முதலில் வரும் கேள்வி இதுதான்: "ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்து சேரும் குடும்பம், கார் எடுக்காமல் எங்கே ரொட்டியும் பாலும் வாங்கலாம்?" கடையின் பெயரையும் அது திறந்திருக்கும் நேரத்தையும் எழுதி அனுப்பும் வீட்டுக்காரரிடம்தான் நான் பேச்சைத் தொடர்வேன்.